சட்டைக் கையில் கட்டிய கயிறு

நம் ஜூடோ அணிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. முதல் வாரமே உங்கள் மணிக்கட்டையும் எதிரே நிற்பவரின் சட்டைக் கையையும் சேர்த்து நான் கயிற்றால் கட்டுவதைப் பற்றி உங்களுக்குள் பெரிய பேச்சு ஓடுகிறது என்று என் காதுக்கு வந்தது. "பெருசு மாட்டைக் கட்டுற மாதிரி கட்டுது" என்று ஒருவர் சொன்னாராம். சொன்னது யார் என்றும் தெரியும். அவருக்கு நாளைக்கு இரண்டு முடிச்சு.

எப்படிப் பிடிப்பது, எப்படித் தூக்குவது, எடையை எப்படிக் குறைப்பது என்பதையெல்லாம் உங்கள் பயிற்சியாளர் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். நான் எழுதப்போவது வேறு. இந்தக் கயிறு எனக்கு எப்படி வந்தது, அதனால் எனக்கு எந்த வேலை கிடைக்காமல் போனது என்பதை மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறம் முணுமுணுக்கலாம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு நான் சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைந்தேன். வீடு ராயபுரம் கல்மண்டபத்தில். தினக்கூலி வேலை. விடிந்ததும் வாசலில் கூட்டத்தோடு நின்று கையை உயர்த்த வேண்டும். மேஸ்திரி விரலை நீட்டினால் அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்கும். நீட்டாவிட்டால் டீயைக் குடித்துவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

உள்ளே போன முதல் நாள் மேஸ்திரி சொல்லித் தந்த பாடம் ஒன்றே ஒன்று.

"மூட்டை சரிஞ்சா புடிக்கப் பாக்காத. சரக்கு போனா கம்பெனிக்கு நட்டம். நீ போனா உன் பொண்டாட்டிக்கு நட்டம். வுட்ரு, வெலகு!"

பாரம் நிலை தப்பியதும் கையை விட்டுவிட்டுப் பின்னால் குதிக்கிறவன்தான் துறைமுகத்தில் கிழவனாவான். பிடித்து நிறுத்தப் பார்த்த இரண்டு பேரை நானே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அதனால் அந்தப் பாடம் எனக்கு எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது.

சாயங்காலங்களில் குஸ்தி. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கோதாவில் இறங்காத வாலிபனைப் பார்ப்பது அபூர்வம். குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் தோற்றான் என்று கணக்கு. தோற்றவன் நாலு நாள் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஆகவே கீழே போகும்போதும் கையை ஊன்றி, உடம்பை முறுக்கி, முகத்தில் விழுந்தாலும் விழுவோமே தவிர முதுகைக் கொடுக்க மாட்டோம். விடுவது துறைமுகத்தில் கற்றது, முதுகைக் கொடுக்காதது கோதாவில் கற்றது. இந்த இரண்டு நல்ல பழக்கங்களும் சேர்ந்து என்னைப் படுத்திய பாட்டைத்தான் இனிமேல் சொல்கிறேன்.

ஐம்பதுகளில் இரும்புக் கல் ஏற்ற ஜப்பான் கப்பல்கள் வர ஆரம்பித்தன. கூடை கூடையாகச் சுமந்து கொட்டுவோம். ஒரு கப்பல் நிறைய நாள் கணக்கில் ஆகும். அதில் ஒரு கப்பலில் சரக்கு தூக்கும் வின்ச்சைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவர் இருந்தார். என்னைவிடக் கொஞ்சம் வயது கூட, என் தோள் உயரம்தான். அவர் பெயரைச் சொன்னார். எங்கள் நாக்கில் அது உட்காரவில்லை. வின்ச்சுக்காரர் என்றே கூப்பிட்டோம். சாப்பாட்டு இடைவேளையில் அவரும் இன்னொரு மாலுமியும் தடித்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மேல்தளத்துத் தார்ப்பாயில் ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். சட்டையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், முதுகு படிய விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஜூடோவை நான் முதல் முதலாகப் பார்த்தது அப்படித்தான்.

என் கூட்டாளி மைக்கேலுக்குப் பிடிக்கவில்லை. "யுத்தத்துல இவனுங்க குண்டு போடுவானுங்கன்னுதான் எங்கப்பா ராவோட ராவா எங்கள அரக்கோணம் இட்டுகினு போனாரு. இவனுங்களாண்ட இன்னாடா உனக்கு தோஸ்து?" என்றான். நான் கேட்கவில்லை. குஸ்திக்காரன் ஆயிற்றே, கை அரித்தது. வின்ச்சுக்காரர் ஒரு பழைய சட்டையைத் தந்தார். மாட்டிக்கொண்டு எதிரே போய் நின்றேன். வானம் ஒரு சுற்றுச் சுற்றியது. முதுகு படக் கூடாதே என்று இடது கையை ஊன்றினேன். முழங்கை போயிற்று.

எத்தனையோ மாதம் வாசலில் போய் நிற்க முடியவில்லை. இன்றைக்கும் என் இடது கை முழுதாக நீளாது. கவனித்திருப்பீர்கள். அதே கப்பல் மறுபடி வந்தபோது வின்ச்சுக்காரர் வாசலில் போவோர் வருவோரிடமெல்லாம் தன் முழங்கையைத் தட்டிக்காட்டி என்னைத் தேடியிருக்கிறார். கல்மண்டபம் வரை நடந்தே வந்துவிட்டார். என் கையைத் தூக்கிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, கண் கலங்கினார். பிறகு கடற்கரை மணலுக்கு இழுத்துக்கொண்டு போய் விழுவதற்குக் கற்றுத் தந்தார். அந்தத் தடவை முழுக்க விழுவது மட்டும்தான். முகவாயை மார்பில் ஒட்டிக்கொள், கையை ஊன்றாதே, தரையை உள்ளங்கையால் அறை, முதுகைக் கொடு. முதுகைக் கொடுப்பதற்கு எனக்கு வெட்கம் போகவே அத்தனை நாள் பிடித்தது.

அடுத்த தடவை வந்தபோதுதான் தூக்கிப் போடக் கற்றேன். மைக்கேலும் முணுமுணுத்துக்கொண்டே வந்து சேர்ந்தான். சட்டை வேண்டுமே? என் மனைவி ஃபிலோமினா பழைய பாய்மரத் துணியில் இரண்டு சட்டை தைத்தாள். போட்டால் கழுத்தில் தோல் உரியும். தெருவில் நடந்தால் "இன்னா மாமு, சர்க்கஸ்ல சேந்துக்கினியா?" என்று கேட்பார்கள். ஆனால் தையல் கெட்டி. எவ்வளவு இழுத்தாலும் பிரியாது.

தூக்குவது எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. மூட்டை தூக்கிய உடம்பு. ஆனால் எதிராளி என் இடுப்பைத் தாண்டி நிலை தப்பும் அந்த நொடியில் என் கை தானாக விட்டுவிடும், கால் தானாகப் பின்னால் குதிக்கும். ஜூடோவில் செய்யவே கூடாத காரியம் அது. தூக்கியவன் சட்டைக் கையைக் கடைசி வரை பிடித்து மேலே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் விழுகிறவன் தலை தரையில் மோதாது. நான் விட்டதில் மைக்கேல் ஒருநாள் கழுத்தில் இறங்கினான். மணலாக இருந்ததால் பிழைத்தான்.

"நான் இன்னாடா சணல் மூட்டையா? போட்டுட்டு ஓடறே!"

வின்ச்சுக்காரர் அன்றைக்குத்தான் கோபப்பட்டுப் பார்த்தேன். பையிலிருந்து ஒரு முழம் கயிற்றை எடுத்து என் மணிக்கட்டையும் மைக்கேலின் சட்டைக் கையையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். அந்தக் கயிறுதான் இந்தக் கயிறு, கப்பல் போகும்போது என்னிடமே விட்டுப் போனார். கட்டியிருந்தால் ஒழுங்காகச் செய்வேன். அவிழ்த்துவிட்டால் எப்போது விடுவேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பழக்கம் முழுதாகப் போகும் முன்பே அந்த வேலை விவகாரம் வந்து சேர்ந்தது.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை. அங்கே காவல் பிரிவில் நிரந்தரமான இடம் ஒன்று காலியாயிற்று. மாதச் சம்பளம், லீவு, ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. தொழிலாளர் அதிகாரி விளையாட்டுப் பைத்தியம். யுத்த காலத்தில் எங்கேயோ ஜூடோவைப் பார்த்திருக்கிறார். அந்த இடத்துக்கு ஒரு பயில்வானைத்தான் போடுவது என்று முடிவு செய்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒன்று நான். இன்னொருவர் காத்திவாக்கம் எல்லப்பன். கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர், ராயபுரம் வரைக்கும் பெயர் பெற்ற குஸ்திக்காரர். 'முதுகுல மண்ணு படாத எல்லப்பன்' என்றே சொல்வார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

"ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம மைதானத்துல ரெண்டு பேரும் மோதுங்க. ஜெயிக்கிறவருக்கு வேலை. ஆனா குஸ்தி வேணாம், ஜூடோ. திருடன் என்ன எண்ணெயைத் தடவிக்கிட்டு லங்கோட்டோடயா வருவான்? சட்டை போட்டுக்கிட்டுத்தான் வருவான்" என்றார் அதிகாரி. பிறகு என் பக்கம் திரும்பி, "விதி தெரிஞ்ச ஆள் நீ ஒருத்தன்தான். அவருக்கு ஒரு சட்டை கொடுத்து விதியைச் சொல்லிடு" என்றார்.

ஃபிலோமினா அப்போது முழுகாமல் இருந்தாள். வாசலில் கை தூக்கி நிற்கும் பிழைப்பு போதும் என்று இரண்டு பேரும் பேசி அலுத்திருந்தோம். எல்லப்பனுக்கு ஜூடோ தெரியாது; எனக்குத் தெரியும். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றே நினைத்தேன். அன்றைக்கு வீட்டில் நெத்திலி வறுத்தோம்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சட்டையை சைக்கிளில் கட்டிக்கொண்டு காத்திவாக்கம் போனேன். எல்லப்பன் குடிசை நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். சட்டையைப் போட்டுப் பார்த்தார், தோள் பிதுங்கியது. விதியைச் சொன்னேன். பிடிப்பதைக் காட்டுவதற்காக லேசாக, மிக லேசாக, அவர் காலைத் தட்டிச் சாய்த்தேன். அந்த நொடியே அவர் வலது கை நேராகத் தரையை நோக்கிப் போயிற்று. முழங்கை விறைத்து நின்றது. என் கை போன அதே மாதிரி.

லேசாகச் சாய்த்ததற்கே இப்படி என்றால், மைதானத்தில் முழு வேகத்தில் தூக்கும்போது அந்தக் கை தங்காது. அதோடு கடைசியில் நான் விட்டுவிட்டுக் குதித்தேனென்றால் கழுத்தும் தங்காது. துடுப்பு வலிக்கிற கை அது.

"எல்லப்பண்ணே, நீ மொதல்ல வுழக் கத்துக்கணும்" என்றேன்.

"இன்னாது?"

"வுழறதுக்கு. கைய ஊணாம, முதுகக் குடுத்து வுழணும்."

அவர் வலையைக் கீழே வைத்தார். "ஏன் நைனா, வர ஞாயித்துக்கெழம நீ என்னை வுழ வெக்கணும். அதுக்கு இப்பவே என்னாண்டயே ஒத்திகை பாக்க வந்துகீறியா? எங்க ஆளுங்க முன்னாடி எல்லப்பன் முதுகக் காட்டுவான்னு எவன் சொன்னான் உனக்கு? சட்டைய வெச்சிட்டு எடத்தக் காலி பண்ணு."

என் முழங்கையை நீட்டிக் காட்டினேன். "பாரு, இதுக்கு மேல நீளாது. நானும் உன்ன மாதிரி ரோசக்காரன்தான்."

"உன் கை ஒடஞ்சா என் கையும் ஒடையுமா?"

குரல் ஏறிவிட்டது. அந்த நேரம் அவர் மனைவி கன்னியம்மா மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வந்தார். "இன்னாத்துக்கு இப்புடிக் கத்திகினு கீறீங்க? தெருக் கோடி வரைக்கும் கேக்குது" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"கட்டுமரத்துலேந்து எத்தினி தபா தலகுப்புற வுழுந்து வந்துகீறே? முதுகுல தண்ணி பட்ருச்சின்னு அழுதுகினா வந்தே? வுழு, போ. கை போச்சின்னா துடுப்பு நானா வலிப்பேன்?"

எல்லப்பன் எழுந்தார். ஆனால் தெருவில் விழ மாட்டேன் என்றார். கழிமுகத்து ஓரம், ஆள் இல்லாத ஈர மணலுக்குப் போனோம். நான் என் மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி மறுமுனையை அவர் சட்டைக் கையில் முடிந்தேன்.

"இது இன்னாத்துக்கு?"

"எனக்கு. கயிறு இல்லன்னா நான் வுட்ருவேன்."

"வுட்ருவியா?" அவருக்கு அது விளங்கவே இல்லை. "ஏன் வுடணும்?"

துறைமுகத்துப் பழக்கம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். விளங்கிய மாதிரி தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த வாரம் தினமும் போய் இடுப்பில் ஏற்றிச் சுழற்றும் ஒரே ஒரு தூக்கால் அவரைப் போட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாளே கையை ஊன்றுவது நின்றுவிட்டது. எனக்கு மாதக் கணக்கில் ஆனது அவருக்கு மூன்று நாளில் வந்தது. கன்னியம்மா சொன்னது சரி, கடலில் விழுந்து பழகிய உடம்பு.

மைக்கேல் தலையில் அடித்துக்கொண்டான். "அவன் கை ஒடஞ்சா வேலை உனுக்கு. ஒடையலன்னா? சொந்தக் காசுல சூனியம் வெச்சிக்கிறே நீ." ஃபிலோமினாவிடம் சொன்னேன். "நீ போனது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. அந்த வேலை வரணும், அவ்ளோதான்" என்றாள். இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் தென்னை நார்ப் பாய் அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி இழுத்து, நாலு பக்கமும் இரும்பு முளை அடித்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே சுண்ணாம்புக் கோடு. காத்திவாக்கத்து ஆட்கள் மேளத்தோடு வந்திருந்தார்கள். ராயபுரத்துக் கூட்டமும் குறைவில்லை. ஊதல் அதிகாரியின் வாயில்.

ஆரம்பத்திலேயே உள்ளே புகுந்து தூக்கினேன். எல்லப்பன் மேலே போனார். கயிறு இல்லாத கை. விடாதே, விடாதே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன் என்று மைக்கேல் பிற்பாடு சொன்னான். விடவில்லை. அவர் பக்கவாட்டில் விழுந்து தார்ப்பாயை அறைந்த சத்தம் மைதானத்துக்கு வெளியே கேட்டிருக்கும். முதுகு முழுதாகப் படியாததால் அதிகாரி பாதி வெற்றி என்றார். காத்திவாக்கத்து மேளம் நின்றுவிட்டது. எல்லப்பன் தரையில் கிடப்பதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

எல்லப்பன் எழுந்தார். தன் வலது கையை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விழப் பயப்படுகிறவன் விறைத்துத் தள்ளி நிற்பான். அவனைத் தூக்குவது சுலபம். விழுவதற்குப் பயம் போனவன் நெருங்கி வருவான். அந்தப் பயத்தை அவரிடமிருந்து எடுத்தவன் நான்தான். ஒட்டிக்கொண்டு வந்தார். காலைத் தட்டினேன். அலையில் ஆடும் கட்டையின் மேல் நின்று பழகிய கால் அது, அசையவில்லை. தள்ளிக்கொண்டே ஓரத்துக்கு வந்துவிட்டோம். நான் மறுபடி உள்ளே புகப் பார்த்த நேரத்தில் அவர் இடுப்பு என் இடுப்புக்குக் கீழே வந்துவிட்டது. ஒரு வாரம் நான் அவரைப் போட்டேனே, அதே தூக்கு. அதை நான் அவருக்குக் கற்றுத் தரவே இல்லை, விழுந்தே கற்றுக்கொண்டிருக்கிறார்.

மேலே போனேன். மேலே இருக்கும்போது எல்லாம் மெதுவாகத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். என் தலை போய்க்கொண்டிருந்த இடத்தில் ஒரு இரும்பு முளை நின்றது. என்னதான் விழத் தெரிந்தாலும் இரும்பின் மேல் விழ முடியாது. எல்லப்பனும் அதைப் பார்த்துவிட்டார். தூக்கிய வேகத்தில் அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கையை விட்டாலே அவர் வேலை முடிந்தது. அவர் விடவில்லை. என் சட்டைக் கையை இரண்டு கையாலும் பற்றித் தன் பக்கம் வெட்டி இழுத்தார். தையல் தெறித்தது. நான் முதுகு படியத் தார்ப்பாயில் விழுந்தேன், கால் இரண்டும் கோட்டுக்கு வெளியே. இழுத்த இழுப்பில் அவர் நிலை தவறி அந்த முளையின் மேலேயே முட்டியால் இறங்கினார். முட்டி கிழிந்து ரத்தம் கொட்டியது.

ஊதல் சத்தம். அப்புறம் கூச்சல். "வெளிய! வெளிய! செல்லாது!" என்று ராயபுரம். மேளம் காது கிழிய அடித்துக்கொண்டிருந்தது. அதிகாரி கோட்டைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. குனிந்து என்னிடமே கேட்டார்.

"சவரி, விதி தெரிஞ்சவன் நீதான்ப்பா. கோட்டுக்கு வெளிய போய் விழுந்தா கணக்கா, இல்லையா?"

எனக்குத் தெரியும். வின்ச்சுக்காரர் மணலில் கால் விரலால் கோடு கிழித்துக் காட்டியிருந்தார். உள்ளே ஆரம்பித்த தூக்கு எங்கே முடிந்தாலும் கணக்குதான். ஆனால் அது அந்த மைதானத்தில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. செல்லாது என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி ஆட்டம். கிழிந்த முட்டியோடு எல்லப்பன் ஒரு நிமிஷம் தாங்க மாட்டார். வேலை எனக்கு. ஃபிலோமினா முகம் கண்ணுக்குள் வந்தது. செல்லாது என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

எழுந்து உட்காரலாம் என்று வலது கையை ஊன்றப் பார்த்தேன். கை வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். எல்லப்பன் ஒரு கையால் முட்டியைப் பொத்திக்கொண்டு, மறு கையால் இன்னும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்துவிட்டது, ஊதல் ஊதியாயிற்று, அந்த மனிதர் விடவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. விட்டுத் தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

"உள்ள ஆரம்பிச்சது சார். கணக்குதான். அவருதான் கெலிச்சாரு" என்றேன்.

ராயபுரத்துக் கூட்டம் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. மைக்கேல் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

குழாயடியில் எல்லப்பன் முட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். விதி தெரிந்து கையை விடாமல் பிடித்தாரா, நான் செய்ததைப் பார்த்துப் பிடித்தாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"முளைய பாத்தே இல்ல? வுட்ருந்தா உனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. இன்னாத்துக்கு புட்ச்சிகினு இருந்தே?"

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "கடல்ல கூட வந்தவன் கவுந்தான்னா கைய வுட்ருவியா நீ?" என்றார்.

துறைமுகத்தில் விட்டுவிடுவோம்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிலோமினா சட்டையைத்தான் முதலில் பார்த்தாள். தோளிலிருந்து கை பிய்ந்து தொங்கியது. "நான் தெச்ச தையல் பிரிஞ்சிச்சா? எந்த ராட்சசன் இழுத்தான்?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். முளையையும் சொன்னேன். வேலை போனதற்கு அழுதாள், நன்றாகவே அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கையை மறுபடி வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். இந்தத் தடவை இரட்டைத் தையல். மறுநாள் விடிந்ததும் நான் வாசலில் போய் நின்று, நீளுகிற கையைத் தூக்கினேன்.

அந்த வேலை எனக்குப் பிற்பாடும் வரவில்லை. துறைமுகத்திலேயே சில வருஷம் கழித்து நிரந்தரமானேன், அது வேறு கதை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தொழிற்சாலை மைதானம் எனக்குத் திறந்தது. எல்லப்பனுக்கு மோதிப் பழக ஆள் வேண்டுமே! வருஷக் கணக்கில் அவரும் நானும் ஒருவரை ஒருவர் போட்டு எடுத்தோம். ஊர் ஊராக மூன்றாம் வகுப்பு ரயிலில் போய்ப் போட்டியிட்டோம். ஜெயித்தது பாதி, தோற்றது பாதி. கன்னியம்மா கட்டித் தந்த கருவாட்டுக் குழம்புச் சோறு மட்டும் எந்த ஊரிலும் தோற்றதில்லை.

அந்தப் போட்டிக்குப் பிறகு வின்ச்சுக்காரர் வந்தபோது எல்லப்பனைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லப்பன் என்னைத் தூக்கிப் போட்டார். வின்ச்சுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு என் முறை, நான் எல்லப்பனைப் போட்டேன். வின்ச்சுக்காரர் என் பையில் கைவிட்டுக் கயிற்றை எடுத்தார். எல்லப்பனுக்குத்தான் கட்டப் போகிறார், புது ஆளாயிற்றே என்று நான் தள்ளி நின்றேன். அவர் எல்லப்பனைத் தாண்டி வந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டிவிட்டுப் போனார்.

அதனால் நாளைக்கு உங்கள் கையில் நான் கட்டும்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களில் யாராவது எல்லப்பனாக இருந்தால் கட்டத் தேவையில்லை. முதல் நாளே நான் கண்டுபிடித்து அவிழ்த்துவிடுவேன். மற்றவர்களெல்லாம் என்னைப் போலத்தான். நமக்குக் கயிறு வேண்டும்.